எண்ணிட்ட பை: மரித்தோரின் உடைமைகளைப் பற்றி ஒரு பாடம்



திடீர் மரணம் நேரிட்ட வீட்டில் முதல் நாள் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அடக்கம் முடிந்து உறவினர் கலைந்த பிறகு அது மெதுவாக எழும். "அவர் கையில் கட்டியிருந்த கடிகாரம் எங்கே? மோதிரம் எங்கே? சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது?" துக்க வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வருகிற நமக்கு இது அற்பமாகத் தோன்றலாம். கேட்கிறவர்களுக்கு அப்படியல்ல. பத்து ரூபாய் பெறாத ஒரு சீப்புக்காக மாதக்கணக்கில் அலைந்த தாய்மார் உண்டு. அந்தச் சீப்பில் மகனுடைய தலைமுடி ஒட்டியிருந்தது என்பதை நாம் அறியமாட்டோம்.

ஆகவே இந்த இதழின் பாடமாக, மரித்தவர்களின் உடைமைகளைப் பொறுப்பில் எடுக்கும் அதிகாரிகள் அவற்றை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை எடுத்துக்கொள்வோம். திருச்சபை மூப்பர்களும் பெண்கள் ஐக்கியத்தாரும் பல வேளைகளில் குடும்பத்தாரோடு பிரேத அறை வாசல்வரை போகிறவர்கள். அவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

காரணம் தெரியாமலோ, விபத்தினாலோ, பிறர் கையினாலோ ஒருவர் மரிக்கும்போது அதை விசாரிக்கச் சட்டம் ஓர் அதிகாரியை ஏற்படுத்துகிறது. இங்கிலாந்தில் அவருக்குப் பெயர் கொரோனர். இலங்கையில் அவரைத் திடீர் மரண விசாரணை அதிகாரி என்பார்கள். மும்பையில் 1999 வரை கொரோனர் என்ற பதவியே இருந்தது. தமிழ்நாட்டில் இவ்வேலையைக் காவல் நிலைய அதிகாரியும், சில மரணங்களில் ஆர்.டி.ஓ. என்று நாம் சொல்லும் கோட்டாட்சியரும் செய்கிறார்கள். பெயர் எதுவானாலும் அவர் கைக்கு முதலில் இரண்டு வந்து சேர்கின்றன. ஒன்று சரீரம். மற்றொன்று அந்தச் சரீரத்தோடு வந்த பொருள்கள். சரீரத்தைப்பற்றி நூல்கள் பல இருக்கின்றன. பொருள்களைப்பற்றி அதிகம் எழுதப்படுவதில்லை.

கொரோனர் பதவி இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மரித்தவர்களுக்கு நியாயம் செய்வதற்காக அது ஏற்பட்டது என்று எண்ணிவிடாதிருங்கள். அரசருடைய கஜானாவுக்கு வரவேண்டியதை வசூலிப்பதே அதன் முதல் நோக்கம். தற்கொலை செய்துகொண்டவனுடைய ஆஸ்தி அரசருக்குச் சேரும். கரையொதுங்கிய கப்பல் பொருளுக்கும் அப்படியே கணக்கு உண்டு. இவற்றைவிட விநோதமான விதி ஒன்றும் இருந்தது. ஒருவன் வண்டி ஏறி மரித்தால் அந்த வண்டியும், மாடு முட்டி மரித்தால் அந்த மாடும் குற்றப்பொருளாகும். கொரோனர் அதற்கு விலை மதிப்பார். அந்தத் தொகை அரசருக்குப் போகும். இதற்கு டியோடண்ட் என்று பெயர். தேவனுக்குக் கொடுக்கப்பட வேண்டியது என்பது அதன் லத்தீன் பொருள். யாத்திராகமம் 21ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப்பற்றிச் சொல்லியிருக்கும் கட்டளையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். பெயர் தேவனுக்கு, பணம் அரசனுக்கு!

இரயில் வந்த பிறகு இந்த விதி தாங்கமுடியாததாயிற்று. 1841 டிசம்பர் 24ஆம் தேதி ரெடிங் நகருக்கு அருகே சோனிங் என்ற இடத்தில் மண்சரிவில் இரயில் மோதிப் பயணிகள் மரித்தபோது, விசாரணையில் என்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் 1000 பவுன் டியோடண்ட் விதித்தார்கள். 1846இல் பாராளுமன்றம் அதை ஒழித்தது. தற்கொலை செய்தவனுடைய ஆஸ்தியைப் பறிமுதல் செய்வது 1870இல் நின்றது. மரித்தவனுடைய பொருளைத் தொடும் அதிகாரிக்கு அதில் பங்கு கிடையாது என்ற நிலை இவ்வளவு தாமதமாகத்தான் வந்தது. எடுப்பவராக இருந்தவர் காப்பவராக மாறினார். ஆனால் எப்படிக் காப்பது? ஒருவர் இருவர் மரித்தால் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கணக்கில் மரித்தால்? அந்த முறையை உலகம் கற்றுக்கொண்ட இடங்களில் முக்கியமானது கனடா நாட்டின் கிழக்குக் கரையிலுள்ள ஹாலிஃபாக்ஸ் துறைமுகம்.

1912 ஏப்ரல் 15ஆம் தேதி டைட்டானிக் கப்பல் மூழ்கி ஏறத்தாழ 1500 பேர் மரித்ததை அறியாதவர் இல்லை. பிழைத்தவர்களை நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். மரித்தவர்களைத் தேடிப் புறப்பட்டது மெக்கே-பென்னெட் என்ற கப்பல். கடலுக்கடியில் தந்திக் கம்பி பதிக்கும் கப்பல் அது. ஏப்ரல் 17ஆம் தேதி பனிக்கட்டி, சவப்பெட்டிகள், சரீரத்தைப் பதனிடுவோர், ஆலயக் குருவானவர் ஒருவர் ஆகியோரோடு ஹாலிஃபாக்ஸை விட்டுப் புறப்பட்டது. அந்த மாகாணத்தில் கொரோனர் செய்யும் வேலையை மெடிக்கல் எக்ஸாமினர் என்னும் மருத்துவர் செய்துவந்தார். மரணப் பதிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் என்பவர். மருத்துவரல்ல, காவலரல்ல, பதிவேடு எழுதுகிற அலுவலர். இப்பாடத்துக்கு அவரே முக்கியமானவர்.

அவர் வகுத்த முறை ஒரு சிறு பிள்ளைக்கும் விளங்கும். கடலிலிருந்து ஒரு சரீரம் மேலே வந்தவுடன் அதற்கு ஓர் எண். அந்த எண்ணை எழுதிய கித்தான் துண்டு சரீரத்தில் கட்டப்படும். பதிவேட்டில் அதே எண்ணில் ஒரு பக்கம். ஆணா பெண்ணா, உத்தேச வயது, தலைமுடியின் நிறம், உடுத்தியிருந்த துணிகள், துணியில் தைத்த எழுத்துகள், பச்சை குத்திய அடையாளங்கள் எல்லாம் அதில் எழுதப்படும். பிறகு சட்டைப்பைகளில் இருந்தவற்றையும் உடலில் இருந்தவற்றையும் எடுத்து, மற்றவர் பார்த்திருக்கப் பட்டியலிட்டு, ஒரு சிறு கித்தான் பையில் போட்டு, பையின்மேல் அதே எண்ணை எழுதிவிடுவார்கள்.

இதில் என்ன பெரிய காரியம் என்று தோன்றும். அந்தக் கப்பலில் நடந்ததைக் கவனியுங்கள். அவர்கள் கண்டெடுத்த சரீரங்கள் 306. அத்தனைக்கும் பதனிடும் மருந்தும் இல்லை, பெட்டியும் இல்லை. 116 சரீரங்களை ஜெபத்தோடு கடலிலேயே அடக்கம் செய்தார்கள். 190 கரைக்கு வந்தன. கடலில் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் கப்பல் தொழிலாளரும். செல்வந்தர்களைக் கரைக்குக் கொண்டுவந்ததற்கு, ஆஸ்தி வழக்கும் காப்பீட்டு வழக்கும் எழக்கூடும் என்று கப்பல் தலைவர் காரணம் சொன்னார். சட்டத்துக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஏழைத் தாய்க்குப் போதாது. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். சரீரம் கடலுக்குப் போனாலும் அந்த எண்ணுள்ள பை கப்பலிலேயே இருந்தது. பக்கமும் இருந்தது. சரீரமும் பொருளும் பிரிந்த பின்னும் எண் அவற்றைச் சேர்த்து வைத்தது. வகுப்புப் பார்த்த அந்தக் கப்பலில், பையும் எண்ணும் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோலக் கிடைத்தன.

124ஆம் எண்ணைப் பாருங்கள். உலகத்தின் பெரும் செல்வந்தருள் ஒருவரான ஜான் ஜேக்கப் ஆஸ்டர். பட்டியலில் பொற்கடிகாரம், வைரம் பதித்த பொத்தான்கள், மூன்று கல் வைர மோதிரம், 225 பவுன் நோட்டுகள், 2440 டாலர் நோட்டுகள், தங்கப் பென்சில், பணப்பை. சட்டைக் கழுத்தில் அவர் பெயரின் முதலெழுத்துகள். இவ்வளவு பணம் ஈரமான ஒரு சட்டைப்பையில் இருந்து, தொழிலாளர் கைகளைத் தாண்டி, கணக்குக் குறையாமல் கரை சேர்ந்திருக்கிறது. கப்பலில் இருந்தவர்கள் நேர்மையானவர்கள் என்பதோடு, எடுத்தவுடன் எழுதிவிட்டார்கள் என்பதும் காரணம். ஒரு மணி நேரம் தாமதித்து எழுதப்படும் பட்டியலை யாரும் நம்ப வேண்டியதில்லை.

பட்டியலில் ஒரு வரி இருப்பதும் இல்லாமற்போவதும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 224ஆம் எண் சாட்சி. கப்பல் மூழ்கும்வரை இசைக்குழுவை நடத்திய வாலஸ் ஹார்ட்லியின் எண் அது. பட்டியலில் பேனா, மோதிரம், சிகரெட் பெட்டி, கடிதங்கள், கடிகாரம், சில்லறை இருந்தன. வயலின் இல்லை. நூறு ஆண்டுகளுக்குப் பின், 2013இல், அவருடையது என்று ஒரு வயலின் இங்கிலாந்தில் 9 லட்சம் பவுனுக்கு ஏலம் போனது. அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், வயலின் திரும்பக் கிடைத்ததற்கு நோவா ஸ்கோஷியா மாகாண அலுவலகத்துக்கு நன்றி சொல்லி எழுதிவைத்த தந்தி வாசகம் அவள் நாட்குறிப்பில் இருந்ததை ஆதாரமாகக் காட்டினார்கள். சந்தேகிக்கிறவர்களோ, "அப்படியானால் 1912ஆம் ஆண்டுப் பட்டியலில் ஏன் இல்லை?" என்று இன்னும் கேட்கிறார்கள். அன்று ஒருவர் ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

இனிப் பொருள்கள் பேசும் விதத்தைச் சற்றுக் கவனிப்போம். மரித்தவர் யார் என்று கண்டுபிடிக்க உடைமைகள் உதவுகின்றன. சட்டைக் கழுத்து எழுத்துகள், கடிதத்தின் மேல்விலாசம், மோதிரத்தின் உட்புறத்துப் பெயர் ஆகியவற்றால் ஹாலிஃபாக்ஸில் பலருக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் பொருள் பொய்யும் சொல்லும். 15ஆம் எண் சரீரத்தோடு இருந்த தாள்களில் ஹாஃப்மன் என்ற பெயர் இருந்தது. யூதப் பெயராகத் தோன்றியதால் அவரை யூதருடைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். உண்மையில் அவர் மிஷேல் நவ்ராத்தில் என்ற கத்தோலிக்கர். பிரிந்துபோன மனைவியிடமிருந்து தம் இரண்டு ஆண் குழந்தைகளை ஒளித்துக் கொண்டுபோவதற்காக வேறு பெயரில் சீட்டு வாங்கியவர். குழந்தைகள் படகில் ஏற்றப்பட்டுப் பிழைத்தார்கள். செய்தித்தாளில் வந்த அவர்கள் படத்தைப் பார்த்துத் தாய் பிரான்சிலிருந்து வந்து சேர்ந்தாள். தகப்பனுடைய கல்லறை இன்றும் அந்தத் தோட்டத்திலேயே இருக்கிறது. பட்டியலை எழுதியவர் மேல் குறை இல்லை, இருந்ததைத்தான் எழுதினார். அதை வைத்து முடிவு செய்ததில்தான் அவசரம்.

இதனால்தான் இக்காலத்தில், பெரும் விபத்துகளில் மரித்தவர்களை அடையாளம் காண இன்டர்போல் வகுத்துள்ள நெறியில் விரல்ரேகை, பற்கள், மரபணு ஆகிய மூன்றும் முதன்மையானவை. உடையும் உடைமைகளும் துணைச் சான்றுகள் மட்டுமே. இரவல் சட்டை போட்டவன் உண்டு. நண்பனுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஓடினவன் உண்டு. நம் ஊர்ப் பேருந்து விபத்துகளிலும் இது நடக்கக்கூடியதே. ஆகவே, "சட்டை அவனுடையதுதான்" என்று சொல்லும் துக்கமுள்ள தகப்பனிடம், "ஐயா, கொஞ்சம் பொறுங்கள்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அதை இரக்கமின்மை என்று எண்ணவேண்டாம்.

துணைச் சான்று என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நான்காம் எண்ணின் கதையைச் சொல்லாமல் இப்பாடம் முடியாது.

நான்காவதாக எடுக்கப்பட்டது ஓர் ஆண் குழந்தையின் சரீரம். உத்தேச வயது இரண்டு என்று எழுதினார்கள். மென்மயிர்க் கழுத்துள்ள சாம்பல் நிற மேலங்கி, கம்பளி உள்ளாடை, பழுப்பு நிறக் காலணிகள். அடையாளம் எதுவுமில்லை. யாரும் தேடி வரவில்லை. கண்டெடுத்த கப்பல் தொழிலாளரே பணம் சேர்த்துக் கல் நாட்டி, பெயர் தெரியாத குழந்தை என்று எழுதி, ஃபேர்வியூ கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்நாள்களில் டைட்டானிக் நினைவுப்பொருளென்று எதையாவது அபகரிக்க அலைந்தவர்கள் பலர் இருந்தனர். ஆகவே மரித்தவர்களின் துணிகளை எரித்துவிட உத்தரவாயிற்று. காவலுக்கு நின்ற காவல்துறை சார்ஜென்ட் கிளாரன்ஸ் நார்தோவர் மற்றவற்றை எரித்தார். அந்தச் சிறு காலணிகளை அவரால் எரிக்கக் கூடவில்லை. காவல் நிலையத்தில் தம் மேசை இழுப்பறையில் வைத்திருந்து, 1918இல் ஓய்வுபெற்றபோது வீட்டுக்கு எடுத்துப்போனார். 2002இல் அவருடைய பேரன் அவற்றை ஹாலிஃபாக்ஸிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

இதற்கிடையில் 2001இல் கல்லறை திறக்கப்பட்டு, எஞ்சியிருந்த பற்களையும் எலும்புத் துண்டையும் ஆராய்ந்தார்கள். 2002இல், இக்குழந்தை பின்லாந்தைச் சேர்ந்த பதின்மூன்று மாதக் குழந்தை என்று அறிவித்தார்கள். காலணிகளைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. பதின்மூன்று மாதக் குழந்தையின் காலுக்கு அவை பெரியவை. மறுபடியும் மரபணுச் சோதனை செய்ததில், 2007இல் சரியான பெயர் கிடைத்தது. சிட்னி லெஸ்லி குட்வின், வயது 19 மாதம். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறப் புறப்பட்ட பெற்றோரும் ஆறு பிள்ளைகளுமாக எட்டுப்பேர் கொண்ட குடும்பம். எட்டுப்பேரும் மரித்தார்கள். திரும்பக் கிடைத்த ஒரே சரீரம் அவனுடையது.

சார்ஜென்ட் செய்தது சரியா? உத்தரவை மீறினார். பதிவேட்டில் இருந்த ஒரு பொருளை எழுத்தில் எதுவுமில்லாமல் தம் வசம் வைத்துக்கொண்டார். இன்று ஒரு பிரேத அறை ஊழியர் அப்படிச் செய்தால் வேலை போகும். போகவும் வேண்டும், ஏனெனில் இரக்கத்தால் எடுத்தவரையும் ஆசையால் எடுத்தவரையும் வெளியிலிருந்து வேறு பிரிக்க வழியில்லை. ஆனாலும் அவர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்திருந்தால் அந்தக் குழந்தை இன்னொருவன் பெயரோடு உறங்கிக்கொண்டிருப்பான். பிழை அவரிடம் என்பதைவிட உத்தரவில் இருந்தது என்பதே நம் எண்ணம். யாருக்கும் தேவைப்படாது என்று அதிகாரிகள் முடிவு செய்த ஒரு பொருள்தான் 90 ஆண்டுகள் கழித்துத் தேவைப்பட்டது.

ஹாலிஃபாக்ஸ் மறுபடியும் அந்தப் பைகளைத் தைக்கவேண்டி வந்தது. 1917 டிசம்பர் 6ஆம் தேதி காலையில் வெடிமருந்து ஏற்றிய மோன்-பிளாங் என்ற பிரெஞ்சுக் கப்பல் துறைமுகத்திலேயே மற்றொரு கப்பலோடு மோதி வெடித்தது. ஏறத்தாழ 2000 பேர் மரித்தார்கள். செபக்டோ சாலைப் பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தைப் பிரேத அறையாக்கினார்கள். பொறுப்பேற்றவர் ஆர்தர் பார்ன்ஸ்டெட். முன் சொன்னவருடைய மகன். தகப்பனுடைய முறையே மகனுக்கும் உதவியது. இம்முறை எண்ணோடு, எந்தத் தெருவில் கண்டெடுக்கப்பட்டது என்பதையும் குறித்தார்கள். முகம் தெரியாதபடி எரிந்துபோன நிலையில், தெருவின் பெயரும் ஒரு சாவியும் சேர்ந்து ஒரு வீட்டைக் காட்டும் அல்லவா? யாரும் கேட்டு வராத பைகள் சில இன்றும் அந்நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இக்காலத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் கொரோனருடைய உதவியாளரோ காவல்துறையினரோ பொருள்களை எடுக்கும்போது அடிப்படை அதேதான்: உடனே எழுது, இன்னொருவர் முன்னிலையில் எழுது, மூடி முத்திரையிடு, கை மாறும்போதெல்லாம் கையொப்பம் வாங்கு. எழுதும் விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. தங்க மோதிரம் என்று எழுதமாட்டார்கள். மஞ்சள் நிற உலோக மோதிரம் என்பார்கள். வைரம் என்றில்லாமல் வெள்ளைக் கல் என்பார்கள். குடும்பத்தாருக்கு இது அவமதிப்பாகத் தோன்றும். எழுதுகிறவர் ஆசாரி அல்லவே! கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதினால், பிறகு கவரிங் என்று தெரியவரும்போது, மாற்றிவிட்டார்கள் என்ற பழி ஒருவர்மேலும் வராது. நம் நாட்டு மருத்துவமனைகளிலும் காவல் நிலையங்களிலும் இவ்வழக்கம் உண்டு.

எல்லாப் பொருளும் உடனே திரும்ப வருவதில்லை. மரணத்தின் காரணத்தைச் சொல்லக்கூடியவை விசாரணை முடியும்வரை தங்கும். மருந்துப் புட்டிகள், எழுதிவைத்த கடிதம், கொலை என்று சந்தேகம் இருந்தால் உடுத்தியிருந்த துணி முழுவதும், இந்நாளில் கைபேசி. தற்கொலை என்று கருதப்படும் மரணங்களில் அந்தக் கடைசிக் கடிதம் பொதுவாகக் கொரோனரிடம் இருக்கும்; அதைத் தங்களுக்கு எழுதப்பட்ட கடிதமாகப் பார்க்கும் குடும்பத்துக்கு இது மிகுந்த வேதனை. நகலாவது கேட்டுப் பெறலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. கொரோனரிடம் பொருள் இருப்பதால் அது அவருடையதாவதில்லை. அவரிடமிருந்து கையொப்பமிட்டு வாங்குகிறவருடையதாவதும் இல்லை. சட்டப்படி அது மரித்தவருடைய ஆஸ்தியின் பாகம், வாரிசுகளுக்கு உரியது. வாங்குகிறவர் அதைச் சுமந்து போகிறவர் மட்டுமே. அண்ணன் வாங்கி வந்தான் என்பதற்காகக் கடிகாரம் அண்ணனுக்கு ஆகிவிடாது.

துணிகளைப்பற்றி ஒரு வார்த்தை. இரத்தமும் சேறும் படிந்த துணியை அப்படியே பையில் போட்டுக் கொடுப்பதா, துவைத்துக் கொடுப்பதா, அழித்துவிடுவதா? 1988 டிசம்பர் 21ஆம் தேதி ஸ்காட்லாந்திலுள்ள லாக்கர்பி என்ற சிற்றூரின்மேல் விமானம் ஒன்று குண்டுவெடித்து விழுந்தது. விமானத்தில் 259 பேர், ஊரில் 11 பேர், ஆக 270 பேர் மரித்தார்கள். ஸ்காட்லாந்தில் கொரோனர் இல்லை. புரொக்யுரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர் விசாரிப்பார். இது கொலை வழக்கு ஆனபடியால் வயல்களில் சிதறிய ஒவ்வொரு துணியும் சான்றுப்பொருள். சோதனை முடிந்தவற்றைக் குடும்பங்களுக்கு அனுப்பும் நேரம் வந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் முன்வந்து அவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்தார்கள். தங்களுக்கு அறிமுகமே இல்லாத அமெரிக்க மாணவர்களுடைய சட்டைகள் அவை. பெற்றுக்கொண்ட தாய்மாரில் பலர் அதை வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை.

ஆனால் எல்லாரும் துவைத்ததை விரும்புவதில்லை. துவைத்தால் மரித்தவருடைய வாசனை போய்விடும் என்று அப்படியே கேட்பவர்கள் உண்டு. ஆகவே இன்று நல்ல அலுவலர்கள் முதலில் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1996இல் இயற்றிய சட்டப்படி, விமான விபத்தில் மரித்தவருடைய உடைமைகளை என்ன செய்வதென்று விமான நிறுவனம் குடும்பத்தாரைக் கலந்து பேசவேண்டும். கேட்பாரற்ற பொருள்களைக் குறைந்தது 18 மாதங்கள் வைத்திருக்கவேண்டும். ஹாலிஃபாக்ஸில் எரித்ததை நினைத்துப் பாருங்கள்.

நம் தமிழ்நாட்டில் நிலைமை என்ன? 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 174ஆம் பிரிவு இப்போது 194ஆம் பிரிவு. தற்கொலை, விபத்து, சந்தேக மரணம் ஆகியவற்றில் காவல் நிலைய அதிகாரி சரீரம் கிடக்கும் இடத்துக்கு வந்து, அக்கம்பக்கத்தில் மதிப்புள்ள இரண்டு பேருக்குக் குறையாமல் முன்னிலையில் விசாரணை செய்து அறிக்கை எழுதவேண்டும். அந்த இரண்டு பேர் யார் என்றால், பல கிராமங்களில் நம் சபை மூப்பரும் பள்ளி ஆசிரியருமே! வெறும் கையெழுத்துக்காக அழைத்தார்கள் என்று எண்ணி, படிக்காமல் போட்டுவிட்டு வராதிருங்கள். உடலில் இருந்த நகையும் பணமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று நீங்கள் கேட்டால், கேட்க நாவெழாத ஒரு விதவைக்காகக் கேட்கிறீர்கள்.

குறிப்பாக, திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இளம்பெண் மரித்தால் மிகுந்த கவனம் வேண்டும். வாசலில் இரு வீட்டாரும் நிற்பார்கள். தாலியும் வளையலும் யார் கையில் கொடுக்கப்படுகின்றன என்பது அப்போது சாதாரணக் காரியமல்ல. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, இயற்கையல்லாத காரணத்தால் அவள் அக்காலத்துக்குள் மரித்தால், வரதட்சணையாகக் கொடுக்கப்பட்ட பொருள் அவள் பிள்ளைகளுக்குச் சேரும். பிள்ளைகள் இல்லையேல் பெற்றோருக்குச் சேரும். கணவன் வீட்டாருக்கு அல்ல. அவசரத்தில் யாரோ ஒருவரிடம் கொடுத்து, எழுத்தில் ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பெற்றோர் பிறகு எதைக் காட்டிக் கேட்பார்கள்?

பெற்றுக்கொள்ளும் நேரத்தில் செய்யத்தக்கது அதிகமில்லை. குடும்பத்தாரில் அழுகை சற்று அடங்கிய ஒருவரும், வெளியாள் ஒருவருமாக இருவர் போகட்டும். பையை அங்கேயே, கொடுப்பவர் முன்னிலையில் திறந்து, பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பாருங்கள். குறைந்தால் கையொப்பத்துக்கு மேலேயே அதை எழுதுங்கள். பட்டியலின் நகல் ஒன்று கேளுங்கள். சரீரத்திலேயே விட்டுவிட விரும்பும் பொருள், சிலுவைச் சங்கிலியோ மெட்டியோ, எதுவானாலும் அதையும் சொல்லி எழுதச் செய்யுங்கள்; இல்லையேல் அது காணாமற்போனதாகப் பிறகு பேச்சு வரும். நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி வைத்தவராக இருந்து தகனம் செய்வதாயிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எரியும்போது அது வெடிக்கும், முன்னதாக எடுக்கவேண்டும். துணிப் பையை வீட்டில் முதலில் திறக்கப்போவது யார் என்பதையும் யோசியுங்கள். தாய் தனியாக இருக்கும் வேளையில் அது திறக்கப்படவேண்டாம்.

மற்றொன்று, நாம் உயிரோடிருக்கும்போதே செய்யக்கூடியது. பெயர், ஊர், அழைக்கவேண்டிய ஒரு தொலைபேசி எண், மூன்றையும் ஒரு சிறு தாளில் எழுதி, தண்ணீர் படாதபடி பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பணப்பையில் வையுங்கள். கைபேசியில்தான் எல்லாம் இருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்வார்கள். பூட்டிய கைபேசியைத் திறக்கப் பிரேத அறையில் ஒருவராலும் முடியாது.